பதினெட்டாம் சேனல்

"ஷூவக் கழட்டிட்டு ஏறுங்க."

கோரல் இதைச் சொன்னபோது ஆம்புலன்ஸில் வந்த இருவரில் மூத்தவரின் ஒரு கால் கேரவனின் படியில் இருந்தது. உள்ளே அவள் புருஷன் நெவில் செத்துக் கிடந்தான். பதினோரு வருடமாக அந்தப் படியில் கால் வைத்த ஒவ்வொருவரிடமும் சொன்ன வார்த்தை, வாய் பழகிப்போய் வந்துவிட்டது. மூத்தவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தார். கூட வந்த பெண்ணும் அவிழ்த்தாள். நான்கு கறுப்பு பூட்ஸும் கால்மிதியில் வரிசையாக நின்றன. எதிர்ச் சாரியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது ஒன்றே போதும், பொழுது சாயும் வரை மெல்லுவதற்கு.

ஸ்ட்ரெச்சர் உள்ளே திரும்பவில்லை. படுக்கை முன்கோடியில் இருந்தது. நடுவில் சமையல் மேடை, அதற்கு எதிரே சாப்பாட்டு மேசை, இரண்டுக்கும் இடையில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற வழி. கடைசியில் போர்வையோடு சுருட்டி, தலைப்பக்கம் ஒருவர் கால்பக்கம் ஒருவராகத் தூக்கினார்கள். கதவருகே நெவிலின் தோள் இடித்தது.

"பாத்து, பாத்து! இடிக்குது" என்றாள் கோரல்.

"இனி அவருக்கு வலிக்காதும்மா" என்றார் மூத்தவர் மெதுவாக.

"அவனுக்கு வலிக்காது. கதவு புதுசு."

அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கோரலுக்கு அவளை அறைய வேண்டும்போல் இருந்தது. யாரையாவது அறைய வேண்டும்போல் இருந்தது என்பதுதான் சரி. முதலில் அறைய வேண்டிய ஆள் போர்வைக்குள் போய்க்கொண்டிருந்தான். சண்டையின் நடுவில் எழுந்து போவது அவனுக்குப் புதிதல்ல, ஆனால் இந்தத் தடவை ஒரேயடியாகப் போய்விட்டான்.

சண்டை காலையில் மாம்பழத்தில் ஆரம்பித்தது.

மேற்கிலிருந்து நல்லார்பர் பாலையைத் தாண்டி வருகிறவர்களைச் சேடுனா சோதனைச் சாவடியில் நிறுத்திப் பழமும் காயும் இருக்கிறதா என்று சோதிப்பார்கள். பழப்பூச்சி ஊருக்குள் வந்துவிடக்கூடாது என்பதற்காக. எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அதனால் பாலையில் கடைசி இரண்டு நாளும் எல்லாக் கேரவன்களிலும் பழமாகவே தின்று தீர்ப்பார்கள். நெவில் மட்டும் கார்னார்வனில் வாங்கிய மாம்பழத்தில் நான்கை ஷூ பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்தான். அதிகாரி வந்து ஏதாவது இருக்கிறதா என்று கேட்டபோது, "ஒண்ணுமில்ல தம்பி" என்று பல்லைக் காட்டினான். கோரல் பின்னாலிருந்து, "கட்டிலுக்குக் கீழ பாருங்க" என்றாள்.

பொய் சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. அது மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது. அந்தப் பல்லைக் காட்டுகிற சிரிப்பும் அவளுக்குப் பிடிக்காது. நாற்பத்தாறு வருடமாக ஊரே மயங்கின சிரிப்பு அது.

சாவடியிலிருந்து, கேரவன்கள் தங்குகிற பார்க் மூன்று கிலோமீட்டர். பார்க்குக்குள் வந்து, வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்து வந்த கேரவனைப் பின்பக்கமாக இடத்துக்குள் தள்ள வேண்டும். இதில் பழக்கம் என்னவென்றால், புருஷன் வண்டியில் இருப்பான், பெண்டாட்டி கையில் சின்ன ரேடியோவோடு பின்னால் நின்று இடது வலது சொல்லுவாள். ஊர் சுற்றுகிற கேரவன்காரர்கள் எல்லாரும் சாலையில் பதினெட்டாம் சேனலில்தான் இருப்பார்கள். முன்னால் மாடு நிற்கிறது, கங்காரு குறுக்கே வருகிறது, எந்தக் கடையில் ரொட்டி நன்றாயிருக்கிறது, எல்லாம் அதில்தான். பார்க்குக்குள் நுழைந்ததும் புருஷன் பெண்டாட்டி வேறு சேனலுக்கு மாறிக்கொள்வார்கள். கேரவனைப் பின்னால் எடுக்கும்போது தம்பதிகள் பேசிக்கொள்வது பிறத்தியார் கேட்கிற பேச்சல்ல. இது தெரியாத ஜோடி சாலையில் கிடையாது. அன்று மாம்பழக் கோபத்தில் இரண்டு பேருமே சேனல் மாற்ற மறந்தார்கள்.

"இடது... இடதுன்னா இடது! அது உன் இடது, நெவில், என் இடது இல்ல. மரம் இருக்கு. நில்லு! ஐயோ நில்லுய்யா! முன்னால போ. திரும்ப எடு."

மூன்றாவது தடவையும் மரத்தை நோக்கியே வந்தது. அவள் வேகமாக நடந்து போய் ஓட்டுநர் ஜன்னலருகே நின்றாள். கோபம் வந்தால் அவள் கட்டைவிரல் தானாகப் பொத்தானை அழுத்திக்கொள்ளும்.

"நம்ம ஜனீன் உன்னவிட நல்லாப் பின்னால எடுப்பா!"

நெவில் ஜன்னலில் முழங்கையை வைத்தான். குரலை உயர்த்தவில்லை. அவன் ஒருநாளும் உயர்த்தியதில்லை.

"ஜனீனா? ரெண்டு புருஷன்ல ஒருத்தனையும் வச்சுக்கத் துப்பில்லாதவ. அவளுக்கு ஒரு புள்ள தங்காமப் போச்சே, அது அந்தப் புள்ள செஞ்ச புண்ணியம்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். மகளுக்கு நான்கு தடவை கரு கலைந்து, ஐந்தாம் தடவை ஆறாம் மாதத்தில் அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் கோரல். மகளிடம் வந்து, பூங்கொத்தை வைத்துவிட்டு, இதே சிரிப்பைச் சிரித்துவிட்டுப் போனவன் அவன்.

அவன் பேசும்போது விட்டிருந்த பொத்தானைக் கட்டைவிரல் மறுபடி அழுத்தியது.

"செத்துத் தொல, நெவில்! இன்னிக்கே செத்துத் தொல!"

பார்க்கில் இருந்த முப்பது கேரவன்களிலும், சாவடியில் வரிசையில் நின்ற வண்டிகளிலும், பாலையிலிருந்து சாவடியை நெருங்கிக்கொண்டிருந்தவர்களிடமும் அது போய்ச் சேர்ந்தது. அவன் சொன்னது ஜன்னலைத் தாண்டி யாருக்கும் கேட்கவில்லை. நாற்பத்தாறு வருடக் குடித்தனமும் இப்படித்தான் நடந்தது. குத்துவது அவன், கத்துவது அவள். ஊருக்குக் கத்தினது மட்டும் கேட்கும்.

நான்காம் தடவை கேரவன் ஒழுங்காக உள்ளே வந்தது. அவன் இறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை வைத்தான், தண்ணீர்க் குழாயை மாட்டினான். அவள் அழுக்குத்துணியை அள்ளிக்கொண்டு பார்க்கின் துணி துவைக்கும் அறைக்குப் போனாள். மெஷின் நாற்பது நிமிடத்தில் முடிந்தது. வேண்டுமென்றே இன்னும் அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்து, யாரோ விட்டுப்போன பழைய பத்திரிகையில் இருந்த குறுக்கெழுத்தைப் போட்டாள். தேடட்டும் என்று. திரும்பி வந்தபோது அவன் கட்டிலில் கிடந்தான், ஒரு கை தொங்கிக்கொண்டு. இரண்டு வருடம் முன்னால் இதயத்தில் குழாய் வைத்த ஆள்தான், டாக்டருக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

ஆம்புலன்ஸ் போன பிறகு மகளுக்குப் போன் செய்தாள். ஜனீன் அழுதாள். விடியற்காலையில் கிளம்பி மத்தியானத்துக்குள் வந்துவிடுவதாகச் சொன்னாள். மகள் இருக்கும் மர்ரே பிரிட்ஜிலிருந்து எண்ணூற்றைம்பது கிலோமீட்டர். கோரலுக்கு இனி உலகத்தில் இருப்பது அந்த ஒரு மகள்தான். வீட்டை விற்றுத்தான் கேரவனை வாங்கினான் அவன். விற்ற பிறகுதான் அவளிடம் சொன்னான்.

ஐந்து மணிக்கு எல்லாரும் அவரவர் நாற்காலியையும் அவரவர் குடிப்பதையும் எடுத்துக்கொண்டு நடுமரத்தடியில் கூடுவார்கள். எந்த ஊர்ப் பார்க்கிலும் இது உண்டு. கோரல் போகாமல் இருந்திருக்கலாம். போகாவிட்டால் பயந்துவிட்டாள் என்று சொல்லுவார்கள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

பதின்மூன்று பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் நாற்காலியை நகர்த்தி இடம் விடவில்லை. அவள் வட்டத்துக்கு வெளியே, ஐரீனின் முதுகுக்குப் பின்னால் நாற்காலியை விரித்து உட்கார்ந்தாள். ஐரீனும் அவள் புருஷனும் பாலையின் அந்தக் கோடியில் இருக்கிற நார்ஸ்மனிலிருந்து இவர்களுக்கு முன்னும் பின்னுமாக வந்தவர்கள். பாலை நெடுக ரேடியோவில் நெவிலோடு ஜோக்கடித்துச் சிரித்தவள் ஐரீன்.

"நெவிலுக்காக" என்று ஐரீன் கோப்பையை உயர்த்தினாள். "ஒரு கடுஞ்சொல் வாயில வராத மனுஷன்."

"தங்கமான மனுஷன்" என்றார் ஒருவர்.

"எவ்வளவு பொறுமை! அத்தனை பேச்சையும் கேட்டுக்கிட்டு."

எல்லாரும் குடித்தார்கள். கோரலும் குடித்தாள். குடித்துவிட்டுச் சொன்னாள்: "எம் முதுகுக்குப் பின்னால பேசறதா இருந்தா நான் போனப்புறம் பேசுங்க. உன் முதுகப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன், ஐரீன், எனக்கு வேற காட்சி இல்ல."

ஐரீன் திரும்பினாள். "நாங்க கேட்டதத்தான் பேசறோம், கோரல். எல்லாருமே கேட்டோம்."

"பாதிதான் கேட்டீங்க."

"மீதி என்னன்னு சொல்லேன்."

கோரல் வாயைத் திறந்தாள். வாய்வரை வந்தது. சொன்னால் இந்தப் பதின்மூன்று பேரும் அப்படியே மறுபக்கம் சாய்ந்துவிடுவார்கள், இது அவளுக்குத் தெரியும். நாளைக்கு மகள் வருவதற்குள் ஜனீனின் கருப்பை நடுமரத்தடியில் அலசப்பட்டிருக்கும், அதுவும் தெரியும்.

"உனக்குச் சொல்றதுக்கில்ல" என்றாள். நாற்காலியை மடக்கிக்கொண்டு நடந்தாள். பின்னால் யாரோ, "கல் மனசு" என்றார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது சரிதான். பாவம் செய்தவன் ஆஸ்பத்திரிச் சவக்கிடங்கில் குளிர்ச்சியாகப் படுத்திருந்தான்.

மறுநாள் மத்தியானம் ஒன்றரைக்கு ஜனீனின் கார் பார்க்குக்குள் வந்தது. நேராக வரவில்லை. பார்க்கின் பொதுக் குளியலறைப் பக்கம் நின்றது. கோரல் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஐரீன் காரை நோக்கிப் போனாள், ஜனீனைக் கட்டிக்கொண்டாள், முதுகைத் தடவினாள், காதருகே குனிந்தாள். அங்கிருந்து கேரவனுக்கு நூறு அடிகூட இல்லை. கோரல் ஓடிப்போய்த் தடுத்திருக்கலாம். கெட்டிலில் தண்ணீர் வைத்தாள்.

ஜனீன் உள்ளே வந்தபோது ஷூவைக் கழட்டவில்லை. கோரல் கழட்டச் சொல்லவில்லை.

"அந்தம்மா சொல்றது நெசமா?"

"உக்காரு. ஒம்போது மணி நேரம் ஓட்டிக்கிட்டு வந்திருக்க."

"நெசமான்னு கேட்டேன்மா."

"நெசந்தான்."

ஜனீன் உட்காரவில்லை. நாற்பத்துநான்கு வயது, அப்பனின் உயரம், கூரையில் தலை இடிக்காமல் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"வழியெல்லாம் என்ன நெனச்சுக்கிட்டு வந்தேன் தெரியுமா? அம்மா தனியா இருப்பா, பாவம், கூட்டிக்கிட்டுப் போயி நம்மகூட வச்சுக்கணும்னு. பின் ரூம ஒழிச்சுப் போட்டுட்டு வந்தேன். இங்க வந்து எறங்கினா, யாருன்னே தெரியாத பொம்பள சொல்றா, எங்கம்மா எங்கப்பாவ செத்துத் தொலன்னு சொன்னா, ஒரு மணி நேரத்துல செத்துட்டாருன்னு. நீ எங்க இருந்த? துணி தொவச்சுக்கிட்டு."

"ஆமா."

"எதுக்காக? எதுக்காகம்மா அப்படிச் சொன்ன?"

கோரல் கோப்பைகளை எடுத்து வைத்தாள். ஒன்று, இரண்டு. கை மூன்றாவதற்குப் போனது, திரும்பி வந்தது.

"நீ எப்பவுமே அப்படித்தான்" என்றாள் ஜனீன். "வாயத் தொறந்தா கத்தி. ரெண்டாவதா கட்டின கிரெக்க விட்டுட்டு நான் வந்து நின்னப்ப நீ என்ன சொன்ன? 'இதையாவது ஒழுங்கா வச்சுக்கக்கூடாதா'ன்னு. ஞாபகம் இருக்கா? அப்பா ஒரு வார்த்த சொல்லல. ஒரு வார்த்த! கன்னத்தத் தட்டிக் குடுத்தாரு. போற ஊர்லருந்தெல்லாம் கார்டு போட்டாரு. நான் உயிரோட இருக்கறதே அதாலதான். அந்த மனுஷன..."

அந்தக் கார்டுகளை ஒவ்வொரு ஊரிலும் கடையில் தேர்ந்தெடுத்து, தன் எழுத்து என்று தெரியாதபடி அச்செழுத்தில் எழுதி, கையெழுத்துக்கு மட்டும் அவனிடம் நீட்டியவள் கோரல். யோசிக்காமல் சொன்ன சொல்லுக்கு மகளிடம் நேராக மன்னிப்புக் கேட்க வராததால் கண்டுபிடித்த வழி அது. அம்மா அனுப்பியது என்றால் மகள் படிக்காமல் போட்டுவிடுவாள் என்று அப்பன் பெயரில் போனது. இப்போது அதையும் சேர்த்து அவன் கொண்டு போய்விட்டான். ஒரு வாக்கியம் போதும். அவன் ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னால் போதும். இந்தக் கேரவனுக்குள் அவள் நல்லவளாகிவிடுவாள். பின் ரூம் கிடைக்கும். மகள் கட்டிக்கொண்டு அழுவாள்.

அழுதுவிட்டு, அதற்கப்புறம் எந்த நேரமும் அந்த வாக்கியம் மகளின் காதில் இருக்கும். குளிக்கும்போது, கடைக்குப் போகும்போது, பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்க்கும்போது.

"எதுக்குன்னு கேக்கறேன்ல!"

"மாம்பழம்" என்றாள் கோரல்.

"என்னது?"

"உங்கப்பா நாலு மாம்பழத்த ஒளிச்சு வச்சிருந்தாரு. சாவடியில நான் காட்டிக் குடுத்துட்டேன். அதுல சண்ட."

ஜனீன் கழுத்தை நிமிர்த்தினாள், தலை கூரையில் இடித்தது.

"மாம்பழத்துக்கா?"

"மாம்பழத்துக்குத்தான்."

"நீயெல்லாம் ஒரு மனுஷியா?" ஜனீனின் குரல் இறங்கிவிட்டது. கத்தியிருந்தால் கோரலுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அப்பனைப் போலவே மெதுவாகச் சொன்னாள்.

கெட்டில் கொதித்து நின்றது. இருவரும் எடுக்கவில்லை.

பிறகு ஜனீன் காரியமாகப் பேசினாள். உடம்பை மர்ரே பிரிட்ஜுக்குக் கொண்டுபோக ஆள் பேசியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை அடக்கம். அவள் பேசுவாள், கோல்ஃப் விளையாடின பழைய சிநேகிதர் ஒருவர் பேசுவார். "நீ பேச வேணாம். வா, உக்காரு, போ. பேச மட்டும் வேணாம்."

"சரி."

"அதுக்கப்புறம் நீ எங்க இருக்கறதுன்னு எனக்குத் தெரியாது. எங்கூட முடியாது. இப்போதைக்கு முடியாது."

"சரின்னேன்ல."

"அப்பாவோட நல்ல சட்ட ஒண்ணு குடு. ஆஸ்பத்திரிக்குப் போயிக் குடுக்கணும்."

கோரல் கட்டிலுக்கு மேலிருந்த அலமாரியைத் திறந்து நீலச் சட்டையை எடுத்தாள். மடித்து மடித்து வைத்ததில் கசங்கியிருந்தது. "அப்படியே குடு" என்றாள் ஜனீன். "கசங்கினதப் போட்டுக்கிட்டுப் போவானா ஒருத்தன்?" என்றாள் கோரல். சாப்பாட்டு மேசையில் துண்டை நான்காக மடித்துப் போட்டு, இஸ்திரிப் பெட்டியைச் செருகினாள். சூடேறும் வரை இருவரும் அதையே பார்த்தார்கள். வெளியே யாரோ ஒருவர் நிழற்கூரையைச் சுருட்டுகிற கிறீச்சுச் சத்தம் கேட்டது.

முதலில் காலர். அதன் பின் தோள்பட்டை. கோரல் தண்ணீர் தெளித்து அழுத்தினாள். ஜனீன் கடைசியில் உட்கார்ந்தாள், ஓரமாக, எழுந்து போகிறவள் உட்காருவதுபோல். கைகளை மடியில் வைத்து விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். வேறு யாரிடமும் கேட்க முடியாது, அதனால்தான் கேட்டாள். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "நேத்து அப்பா என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?"

இஸ்திரிப் பெட்டி சட்டைக் கையின் நடுவில் நின்றது. துணி தீய்ந்துவிடும் என்று கோரல் அதைத் தூக்கினாள்.

"சொன்னாரு."

"என்ன சொன்னாரு?"

"கேரவனப் பின்னால எடுக்கறப்ப. மூணு தடவ மரத்துல இடிக்கப் போச்சு." கோரல் கை மடிப்பை நேராக்கினாள். "நம்ம ஜனீன் என்னவிட நல்லாப் பின்னால எடுப்பான்னாரு."

ஜனீன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. கோரல் ஒரு அடி எடுத்து வைத்தால் தொட்டுவிடலாம். மேசை குறுக்கே இருந்தது. சட்டை பாதியில் இருந்தது.

"சிரிச்சுக்கிட்டா சொன்னாரு?"

"சிரிச்சுக்கிட்டுத்தான்."

"வெள்ளிக்கிழம அதச் சொல்றேன்" என்றாள் ஜனீன் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "அத நான்தான் சொல்லுவேன். நீ சொல்லாத."

"நீயே சொல்லு."

கோரல் சட்டையைத் திருப்பிப் போட்டாள். இன்னொரு கை பாக்கி இருந்தது. கைப்பட்டையின் பொத்தானைச் சுற்றி இஸ்திரிப் பெட்டியின் முனையால் மெல்லத் தேய்த்தாள்.